பூட்டிய வீட்டுக்குள் விடுமுறை

எங்கள் வாலுவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எப்போதும் நினைப்பு. உன் இருமல் விட்டதா, வெந்நீர் குடிக்கிறாயா, இல்லை வழக்கம்போல நான் சொன்னால் தலையை மட்டும் ஆட்டுகிறாயா? போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் என்றால் அப்பா பக்கத்திலேயே நிற்பார், நீயும் குறுக்கே குறுக்கே பேசுவாய், எனக்குச் சொல்ல வந்தது மறந்துபோகும். அதனால் முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். நாங்கள் கடலுக்குப் போகவில்லை. அலை ஆளுயரத்துக்கு வருதும்மா என்று அப்பா உன்னிடம் சொன்னாரே, அதை நம் வீட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னார். காற்றுச் சத்தம் இங்கே வரைக்கும் கேட்குதே என்று நீ சந்தோஷப்பட்டாய், அது மேசை விசிறி. கோபப்படு, வேண்டாம் என்று சொல்லவில்லை, ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கோபப்படு.

நீ செய்த ஏற்பாட்டில் ஒரு குறையும் கிடையாது. அறையின் படம், ஜன்னலின் படம், அந்த ஜன்னலிலிருந்து தெரியும் கடலின் படம், எங்கே சாப்பிடலாம், எந்தப் பக்கம் நடக்கலாம், எல்லாம் அனுப்பினாய். பார்த்துப் பார்த்து எனக்குப் போய்விட்டு வந்த அலுப்பே வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் லீவு கேட்டதும் மேற்பார்வை அம்மா மறுபேச்சில்லாமல் கொடுத்தார், கூடவே என்னிடம், நீ இல்லாத நாலு நாளுக்கு வேண்டிய விரிப்பு, போர்வை எல்லாத்தையும் மடிச்சு வார்டு வார்டாக் கட்டி வச்சுட்டுப் போ என்றார். துணி அறையில் ஓய்வுக்காக நான் உழைத்த உழைப்பு இருக்கிறதே, லீவே எடுக்காமல் இருந்திருந்தால் உடம்பு நன்றாக இருந்திருக்கும். போகிறவர் வருகிறவர் எல்லாம் கொடுத்து வச்சவ, பொண்ணு கடலுக்கு அனுப்புறா என்று சொன்னார்கள். நானும் சிரித்தேன். நீ தினமும் போனில் ஆசையா இருக்காம்மா, ஆசையா இருக்காம்மா என்று கேட்டாய், ரொம்ப ஆசையா இருக்கு என்றேன். நிஜத்தைச் சொன்னால் ஒன்றுமே இல்லை. பல் பிடுங்க ஊசி போட்டால் உதடு நம்முடையதா அடுத்தவருடையதா என்று தெரியாதே, மனசு அப்படிக் கிடந்தது. பெட்டி கூடத்தில் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும், நான் அதைத் தாண்டித் தாண்டிப் போவேன், ஒரு துணியைப் போடுவேன், மறுநாள் வேறு எதற்கோ அதையே எடுத்துக் கட்டிக்கொள்வேன்.

அப்பா வேறு ஒரு ரகம். ஊரில் இருக்கிற ஒரு பூட்டையும் நம்பாத பூட்டுக்காரர் அவர். விடுமுறைக் காலம் என்றால் நமக்குக் கடல், மலை என்று தோன்றும், அவருக்கு உடைந்த கதவும் தொலைந்த சாவியும்தான் தோன்றும், ஏனென்றால் திரும்பி வந்தவர்கள் முதலில் கூப்பிடுவது அவரைத்தான். பின்வாசல் கதவில் உள்ளேயும் வெளியேயும் சாவி போடுகிற மாதிரி ஒரு புதுப் பூட்டு மாட்டினார், செஞ்சவனே வந்தாலும் இதைத் திறக்க முடியாது என்று பெருமை வேறு. அப்புறமும் தூக்கத்திலிருந்து எழுந்து போய் இழுத்துப் பார்ப்பார். பெட்டிக்குள் குடையை வைத்தார், கடலுக்குக் குடை எதற்கு என்று நான் கேட்டதற்கு ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. கடலுக்குப் போகிறவர் கம்பிகளும் ரம்பமும் சுருட்டி வைத்த தொழில் பையைத் துண்டுக்குள் மறைத்து வைத்தாரே, அதை நான் கேட்கவே இல்லை. கேட்டு என்ன ஆகப் போகிறது?

கிளம்பின அன்று தெருவே வந்து வழியனுப்பியது. எதிர் வீட்டு டைலர் அக்கா செடிக்குத் தண்ணீர் ஊற்ற முன்வாசல் சாவியை வாங்கிக்கொண்டு, பத்திரமா போயிட்டு வாங்க, நல்லா தூங்குங்க என்றாள். பஸ் நிலையத்தில் பெட்டியை ஏற்றும் நேரத்தில் அப்பா நின்றுவிட்டார். பின்வாசலப் பூட்டினேனான்னு ஞாபகம் இல்ல என்றார். அவர் பூட்டியதை நான் பார்த்தேன், இழுத்து இழுத்துப் பார்த்ததையும் பார்த்தேன். பழைய நானாக இருந்தால் நடு நிலையத்தில் ருத்ர தாண்டவம் ஆடியிருப்பேன். அன்றைக்கு, சரி வாங்க திரும்பிப் போலாம் என்றேன். பஸ் எங்களை விட்டுவிட்டுக் கிளம்பியது, பார்த்துக்கொண்டு நின்றேன், ஐயோ என்றுகூட வரவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது பயமாக இருக்கிறது.

திரும்பி வந்தால் தெரு என்ன சொல்லும்? ஊர் வாயை மூட உலைமூடி ஏது? மதியம் எல்லோரும் கண் அசரும் நேரத்தில் பின்சந்து வழியாக வந்தோம். அங்கே வந்த பிறகுதான் அப்பாவுக்கு ஞாபகம் வந்தது, சாவியைக் கையில் கொண்டுபோனால் பஸ்ஸில் ஜேப்படிக்காரன் அடித்துவிடுவான் என்ற பயத்தில் பின்வாசலை உள்ளிருந்தே பூட்டி, சாவியை மாவு டப்பாவில் ஒளித்து வைத்துவிட்டு முன்வாசல் வழியாக வந்திருக்கிறார். பூட்டித்தான் இருந்தது. தொழில் பையை எடுத்தார், தன் வீட்டுக்கே கன்னம் வைத்தார். செய்தவனே திறக்க முடியாத பூட்டு, நான் ஒரு தும்மல் போடுவதற்குள் திறந்துகொண்டது. அப்பாவின் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், பாவம், பூட்டியிருந்ததற்கு வருத்தப்படுவதா திறந்ததற்கு வருத்தப்படுவதா என்று தெரியாமல் நின்றார்.

அப்புறம் என்ன, நம் வீட்டிலேயே திருடர்களைப் போல இருந்தோம். விளக்கு கிடையாது, டிவி கிடையாது, தாளிக்கும் வாசனை வெளியே போகக் கூடாது என்று வழிக்குக் கட்டிய ரொட்டியையும் பழத்தையும் தின்றோம். பேச்சும் கிடையாது. சத்தம் கேட்கும் என்பதால் மட்டும் இல்லை, ஒன்றும் வரவில்லை. நீ கூப்பிடுவாய், அவர் அலையைப் பற்றி அளப்பார், நீ வைத்த பிறகு நீ சொன்னதையே இரண்டு பேரும் திருப்பிச் சொல்லிக்கொள்வோம், அப்புறம் அதுவும் தீர்ந்துபோகும். அவர் பழைய பேப்பரைப் படிப்பார், நான் மடித்த போர்வையைப் பிரித்து மறுபடி மடிப்பேன். மறுநாள் முன்வாசல் சத்தம் கேட்டது. டைலர் அக்கா. இரண்டு பேரும் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டோம். செடிக்கு ஊற்றினாள். போய்விடுவாள் என்று பார்த்தால், கதவை உள்ளே தாழ் போட்டுக்கொண்டு அப்பாவின் நாற்காலியில் உட்கார்ந்து காலை மேசைமேல் நீட்டிவிட்டாள். அவள் வீட்டில் மாமியார், மூன்று பிள்ளைகள், ரவிக்கை ஆச்சா ஆச்சா என்று வாசலில் நிற்கிறவர்கள், ஓயாத மெஷின், உனக்குத் தெரியுமே. இங்கே ஒன்றும் செய்யவில்லை. போனைக்கூடப் பார்க்கவில்லை. ஒரு தடவை அப்பாடா என்றாள், அவ்வளவுதான். கதவிடுக்கில் அவள் பாதம் மட்டும் தெரிந்தது, அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அப்பாவுக்குத் தும்மல் வர, நான் மூக்கைப் பிடிக்க, அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் என் காதோரம் சொன்னார், பூட்டு எல்லாம் ஒண்ணும் இல்ல, உன்கூட நாலு நாள் தனியா இருந்தா என்ன பேசுறதுன்னு பயமா இருந்துச்சு, வேலையையும் பொண்ணையும் விட்டா நாம என்ன பேசியிருக்கோம் என்று. எனக்கும் அதே பயம்தான் என்று சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. அழுகை வரும் என்று பார்த்தேன், அதுவும் வரவில்லை. அவர் கை என் கைமேல் இருந்தது, சூடாக இருந்தது, அது மட்டும் நன்றாகத் தெரிந்தது. டைலர் அக்கா எழுந்து, நாற்காலியைத் துடைத்துவிட்டுப் போனாள். அதற்கப்புறமும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றோம்.

சாயங்காலம் அப்பா கேட்டார், உனக்குக் கடல் பிடிக்குமா, நான் கேட்டதே இல்லையே என்று. தெரியலைங்க, யோசிச்சுச் சொல்றேன் என்றேன். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

உன் மனசு நோகும் என்று தெரியும். எங்களுக்காக நீ ஓடி ஓடிச் செய்தாய், அதை வீணாக்கிவிட்டோம். திட்டுவதென்றால் என்னைத் திட்டு, அப்பாவிடம் இப்போதைக்குக் காட்டிக்கொள்ளாதே. டைலர் அக்கா உட்கார்ந்ததை யாரிடமும் மூச்சு விடாதே. நாங்களாகக் கேட்கிற வரைக்கும் வேறு எந்த ஊருக்கும் எதையும் ஏற்பாடு செய்துவிடாதே. மாப்பிள்ளையை வேளைக்குச் சாப்பிடச் சொல், நீயும் சாப்பிடு. நீங்கள் இருவரும் நோய் நொடி இல்லாமல், மனம் விட்டுப் பேசிக்கொண்டு நூறாண்டு வாழ வேண்டும்.

இன்னொன்று, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. இனிமேல் தினமும் கூப்பிடாதே கண்ணு. ஒரு நாள் விட்டு ஒரு நாள் கூப்பிடு. கூப்பிடாத நாளில் நாங்கள் இரண்டு பேரும் என்ன பேசுகிறோம் என்று பார்க்கிறோம்.

இப்படிக்கு,
உன் அம்மா