நல்ல இடத்தில் ஆறு, இங்கே ஒன்றரை

சேசு மரி சூசை

ராயபுரம்,
9-11-1974

அன்பு மகள் ஹில்டாவுக்கு அப்பா எழுதிக்கொண்டது. போர்ட் பிளேரில் நீயும் மாப்பிள்ளை ஞானதுரையும் குழந்தையும் சுகமாயிருக்கத் தினமும் மாதாவிடம் கேட்டுக்கொள்கிறேன். என் சுகத்தைப் பற்றி இந்தத் தடவை கொஞ்சம் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது, பதறாமல் படி. கல்லறைத் திருநாளுக்கு அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு வந்தேன், தனியாகத்தான் போனேன், நல்ல மழை.

போன மாதம் ஒரு காலையில் சவரம் செய்துகொண்டிருந்தபோது ரேசர் கையிலிருந்து நழுவி விழுந்தது. பத்து நிமிஷம் வலது கை என் பேச்சைக் கேட்கவில்லை, பிறகு தானாகவே சரியாகிவிட்டது. எதிர்வீட்டு மீன்காரி சிவந்திதான் விடாப்பிடியாக ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். கருணாகரன் என்று சின்ன வயது டாக்டர், ஸ்டெதாஸ்கோப்பை மார்பில் வைக்காமல் கழுத்தில் வைத்துக் கேட்டார், உஸ்ஸென்று சத்தம் வருகிறதாம். பிறகு ஒரு நாள் கழுத்தில் ஊசி குத்தி மருந்து ஏற்றிப் படம் எடுத்தார்கள், முகமெல்லாம் நெருப்பாய் எரிந்தது. மூளைக்கு ரத்தம் போகும் இடது பக்கக் குழாய் சுருங்கியிருக்கிறது. படத்தின் மேல் அளவுகோலை வைத்து, நல்ல இடத்தில் ஆறு மில்லிமீட்டர், இங்கே ஒன்றரைதான் என்று காட்டினார். துறைமுக ஒர்க்ஷாப்பில் முப்பது வருஷம் பாய்லர் குழாய் பார்த்தவனுக்கு அது புரியாதா, இந்தக் குழாயை நானாயிருந்தால் கழற்றிப் போட்டிருப்பேன் என்றேன். டாக்டர் சிரித்துவிட்டார். கழுத்தில் அடைப்பு என்றதும் சிவந்தி அதைத் தொண்டை என்று நினைத்து ஒரு வாரம் முள் இல்லாத மீனாகவே கொடுத்துக்கொண்டிருந்தாள்.

சிரித்த டாக்டர் பிறகு சிரிக்கவில்லை. முழுசாக அடைத்தால் வலது கை காலும் பேச்சும் போகும், பேச்சு குழறினாலோ கை மரத்தாலோ அந்த நிமிஷமே கூட்டி வர வேண்டும், வீட்டில் கூட யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். மகள் இருக்கிறாள் என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, யாருமில்லை என்று சொல்ல வெட்கமாயிருந்தது. அவரும் அப்படியே எழுதிக்கொண்டு, ஆபரேஷன் செய்யலாம், அதிலும் ஆபத்து உண்டு, டிசம்பர் பத்தாம் தேதி மகளை அழைத்து வாருங்கள், பேசி முடிவு செய்யலாம் என்றார். மகளாக வந்து நில் என்று சிவந்தியைக் கேட்டுப் பார்த்தேன். இன்னா நைனா, டாக்டராண்டயே பொய் சொல்லிட்டு வந்துகீறியே, தொணைக்குன்னா வரேன், ஹில்டா பேர்ல கையெழுத்து மட்டும் போடமாட்டேன், மொதல்ல அதுக்கு ஒரு கடுதாசி போடு என்று திட்டினாள். அதனால்தான் எழுதுகிறேன்.

வரவேண்டாம் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதியவன் நான்தான். குழந்தைக்குக் கடல் ஒத்துக்கொள்ளாது, மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்காது என்று காரணமும் நானே சொன்னேன். அதெல்லாம் வெறும் வீம்பு. எனக்குப் பயமாயிருக்கிறது, ஹில்டா. கதவைத் தட்டுகிறவர்களுக்குப் பதில் சொல்லப் பேச்சு வராமல் உள்ளே கிடப்பேனோ என்று பயமாயிருக்கிறது. பத்தாம் தேதிக்குள் வந்துவிடு. ஆபரேஷன் வேண்டுமா வேண்டாமா என்று நீ பக்கத்தில் இருந்தால் எனக்கே தெரிந்துவிடும்.

மாப்பிள்ளைக்கு என் அன்பைச் சொல். குழந்தையின் நெற்றியில் எனக்காக ஒரு சிலுவை போடு. ஆண்டவர் உங்கள் மூவரையும் காப்பாராக. எந்தக் கப்பல் என்று உடனே எழுது, பத்தாம் தேதிக்கு முந்தின சனிக்கிழமைக்குள் வந்து சேர்கிற கப்பலாகப் பார். சிவந்தி தினமும் காசிமேட்டுக்குப் போகிற வழியில் வாசலில் நின்று, சங்கரா, வஞ்சிரம், நெத்திலி என்று என்னைச் சொல்லச் சொல்லி, நாக்கு குழறவில்லை என்று தெரிந்த பிறகுதான் கூடையைத் தூக்குவாள். ஞாயிற்றுக்கிழமை அவள் தன் அம்மாவைப் பார்க்க எண்ணூருக்குப் போய்விடுகிறாள். அன்றைக்கு நானே கதவருகில் நின்று சொல்லிக்கொள்கிறேன். சரியாகச் சொன்னேனா என்று சொல்லத்தான் ஆள் இல்லை.

உன் அப்பா,
தாமஸ்