மூன்றாவது நிறுத்தத்தில் என்னை இறக்கிவிட்டார்கள்

அன்பு மகளுக்கு,

இங்கே அப்பாவுக்கு இருமல் விட்டது, எனக்கு முழங்கால் வலி விடவில்லை, மற்றபடி இருவரும் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்கிறீர்கள் என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன். ஒழுகிய குழாயைத் தானே சரிசெய்கிறேன் என்று அப்பா கிளம்பினார், இப்போது வீட்டில் மூன்று குழாய் ஒழுகுகிறது.

இந்த வருடம் எங்கள் பள்ளிக்கு நான்கு புது ஆசிரியர்கள். ஒருத்தி நர்ஸாக இருந்தவள், ஒருவர் வேறு நாட்டிலிருந்து குடிவந்தவர், ஒருவன் இப்போதுதான் கல்லூரி முடித்தவன். என் பொறுப்பில் விட்டது, பதினாறு வருடம் நகரப் பேருந்து ஓட்டிக்கொண்டே படித்துப் பட்டம் வாங்கியவளை. போனில் சொன்னேனே, டிரைவரம்மா, அவள்தான். கூட இருந்து பழக்குவது என் வேலை. உன் அம்மா வாய்தான் சும்மா இருக்காதே, முதல் தடவை கல்வி அதிகாரி வகுப்பைப் பார்க்க வந்தபோது பின்பெஞ்சிலிருந்து நான் சைகை காட்டி, வரியையும் எடுத்துக்கொடுத்து, பிள்ளைகள் அத்தனை பேரும் அவளை விட்டுவிட்டு என்னையே திரும்பிப் பார்த்தார்கள். ஆசிரியரின் கையில் வகுப்பு இல்லை என்று அந்த அதிகாரி அம்மா எழுதிவிட்டுப் போய்விட்டார். இன்னும் ஒரே வாய்ப்பு, அதுவும் போனால் டிரைவரம்மா பழையபடி டிப்போவுக்குத்தான் போகவேண்டும். என்னால் ஒருத்தியின் வேலை போகப்போகிறதே என்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

புதன்கிழமை அதிகாரி மறுபடி வந்தார். பின்னக் கணக்குப் பாடம். நான் எழுதிக்கொடுத்த தாளைப் பார்த்து டிரைவரம்மா இரண்டு வரி சொன்னாள், மூன்றாவது வரி வரவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்புறம் என்ன தோன்றியதோ, தாளை மடித்து டிராயரில் போட்டுவிட்டு, பெஞ்செல்லாம் ரெண்டு வரிசையா போடுங்க, இது பஸ்ஸு என்றாள். கணக்கு என்றாலே வயிற்றுவலி வரும் ஒரு வாண்டுப்பெண் கண்டக்டர். மற்றப் பிள்ளைகள் முப்பத்தெட்டு, முன்சீட்டில் அதிகாரி, கடைசியில் நான், மொத்தம் நாற்பது பயணிகள். முதல் நிறுத்தத்தில் கால் பங்கு இறங்கவேண்டும், அடுத்ததில் மிச்சத்தில் மூன்றில் ஒரு பங்கு, இறங்கியவர்கள் வராந்தாவில் நின்று உள்ளே எத்தனை பேர் என்று ஜன்னல் வழியாகச் சொல்லவேண்டும். மூன்றாவதில் மீதி இருபதில் பாதி, பின்னாலிருந்து. அந்த வாண்டு விரல்விட்டு எண்ணி என்னிடம் வந்து, நீங்களும் இறங்குங்க டீச்சர் என்றாள். நான் டிரைவரம்மாவைப் பார்த்தேன். கண்டக்டர் சொன்னா இறங்கித்தான் ஆகணும் என்றாள், தலையைக்கூடத் திருப்பாமல்.

வராந்தாவில் பிள்ளைகளோடு பிள்ளையாக நின்றேன். ஒருத்தரும் என் பக்கம் பார்க்கவில்லை. அதிகாரி அம்மாவே விடை சொல்லக் கையைத் தூக்கிக்கொண்டிருந்தார். மணி அடித்ததும் நின்ற இடத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டார், வேலை நிரந்தரம். டிரைவரம்மா ஓடி வந்து, ஐயோ, நீங்க இங்கயா நிக்கிறீங்க, மறந்தே போயிட்டேன் டீச்சர் என்றாள். முப்பத்தொரு வருட வேலையில் யாரும் சொல்லி நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. அவளைக் கட்டிக்கொண்டு அழுதேவிட்டேன்.

உன் புது வீட்டில் எதை எங்கே வைப்பது என்று மூன்று பக்கம் எழுதி வைத்திருந்தேன். அனுப்பவில்லை. உன் வீடு, உன் இஷ்டம், நீ நன்றாகவே செய்வாய். இருவரும் நோய்நொடி இல்லாமல், சிரித்த முகமாக நெடுநாள் வாழவேண்டும். அடுப்புப் பக்கம் மட்டும் துணித்திரை போடாதே. சரி, சரி, வேறு ஒன்றும் சொல்லவில்லை.

இப்படிக்கு,
வாயை மூடப் பழகிக்கொண்டிருக்கும்
உன் அம்மா