எஸ்தருக்குக் கிடைக்காத அப்பம்

ஏ எஸ்தரு, என் தங்கமே,

நீ போய் ரெண்டு வருசம் ஆச்சு. இன்னைக்குத்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கேன். நலம் விசாரிக்க இல்ல. ஆத்திரத்தைக் கொட்ட வேற ஆளில்ல.

வர்ற ஞாயித்துக்கிழமை நம்ம ராமநாதபுரம் கோயிலுக்கு பிஷப் வர்றாரு. திடப்படுத்தல் ஆராதனை. பியூலா பேரும் பட்டியல்ல இருக்கு. பதினாறு வயசாயிருச்சு உன் மகளுக்கு. மூணு மாசமா வகுப்புக்குப் போறா. பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம் எல்லாம் கடகடன்னு ஒப்பிக்கிறா. வெள்ளைச் சேலை எடுத்தாச்சு, உன் தங்கச்சி ஜாக்கெட் தைச்சுக் குடுத்திட்டா.

உனக்குத்தான் அந்தக் கொடுப்பினை இல்ல. ஆர்.எஸ்.மங்கலத்துல முத்துமாரியாப் பிறந்து, என்னைக் கட்டுறதுக்காக ஞானஸ்நானம் வாங்கி எஸ்தரான. பிஷப் தலையில கை வச்சு ஜெபிச்சுத் திடப்படுத்தினாத்தான் திருவிருந்துப் பந்திக்குப் போய் அப்பமும் திராட்சை ரசமும் வாங்கலாம்னு அன்னைக்கே சொன்னேன். நம்ம ஊருக்கு அவர் வர்றதே அஞ்சாறு வருசத்துக்கு ஒருக்கா. முதல் தடவை நீ நிறைமாசம். அடுத்த தடவை உங்க அய்யா தவறிட்டாரு. மூணாவது தடவை? அன்னைக்கு பிஷப்புக்கு விருந்து. சீலா மீன் வறுக்க உன்னை விட்டா ஆளில்லைன்னு நான்தானே உன்னை அடுப்படிக்கு அனுப்பினேன்! சபைக் கமிட்டி செக்ரட்டரியாச்சே நானு! பிஷப் ரெண்டாவது துண்டும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாரு. வறுத்தவ யாருன்னு ஒருத்தனும் கேக்கல.

ஆஸ்பத்திரியில கடைசி வாரம் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, “என்னங்க, எனக்கும் ஒரு வாட்டி அப்பம் தரச் சொல்லுங்களேன்”னு கேட்ட. நான் என்ன சொன்னேன்? “திடப்படுத்தாம எப்படிப் புள்ள? சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல. எந்திரிச்சு வா, அடுத்த தடவை முத ஆளா நிப்ப.” சரின்னு தலையாட்டின. மூணாம் நாள் போயிட்ட.

அதுக்கப்புறம் நான் கோயில் வாசலை மிதிக்கல. செக்ரட்டரி பதவியைத் தூக்கி எறிஞ்சேன். சாகக் கிடக்குறவளுக்கு ஒரு துண்டு அப்பம் குடுக்காத சபை என்ன சபைடான்னு டீக்கடையில நின்னு கத்தினேன். பியூலாகிட்டயும் அதையேதான் சொன்னேன். அவ கேக்கணுமே! “அம்மா ஆசைப்பட்டதை நான் வாங்குவேன்”னு நின்னா. உன் பிடிவாதம்.

போன சனிக்கிழமை வகுப்புல நம்ம கோயில் போதகர், ஆயரய்யாகிட்ட, “திடப்படுத்தலைன்னு எங்கம்மாவுக்கு ஏன் அப்பம் குடுக்கல?”ன்னு கேட்டிருக்கா. அவர் சொன்னாராம்: “யாரு தாயி அப்படிச் சொன்னது? மனசார ஆசைப்பட்டு, திடப்படுத்தலுக்கு ஆயத்தமா இருந்தாலே குடுக்கலாமே. ஜெபப் புத்தகத்துலயே இருக்கு. உங்கம்மா கேட்டது அப்ப எனக்குத் தெரியாதேம்மா. தெரிஞ்சிருந்தா ஓடி வந்திருப்பேனே.”

வீட்டுக்கு வந்தவ செருப்பைக்கூடக் கழட்டல. “அப்பா, நீங்க ஆயர்கிட்டக் கேட்டீங்களா, இல்லையா?”

கேக்கல, எஸ்தரு. கேக்கவே இல்ல. பத்து வருசம் செக்ரட்டரி. அந்தப் புத்தகம் நம்ம அலமாரியிலதான் கிடந்துச்சு. ஒரு போன் போட எனக்கு என்ன கேடு? எல்லாம் தெரிஞ்ச மேதாவி மாதிரி நானே தீர்ப்பு சொல்லிட்டு, ரெண்டு வருசமா ஊரைத் திட்டிக்கிட்டுத் திரிஞ்சிருக்கேன்.

உன் மேலயும் கோவந்தான். ஏன் ஒரே ஒரு வாட்டி கேட்ட? என் சட்டையைப் பிடிச்சு உலுக்கியிருக்க வேண்டியதுதானே? மீன்ல உப்புக் குறைஞ்சா அந்தச் சத்தம் போடுவியே, இதுக்கு ஏன் புள்ள தலையாட்டின?

பியூலா ஒரே முடிவாச் சொல்லிட்டா. “சபை முன்னாடி நீங்க உண்மையைச் சொல்லணும். சொல்லாத வரைக்கும் நான் பிஷப் முன்னாடி முழங்கால் போட மாட்டேன்.” அஞ்சு நாளா என்கூடப் பேச்சில்ல. சோத்தை வச்சிட்டுப் போயிருறா.

இன்னைக்குக் காலையில ஆயர் வீட்டுக்குப் போனேன். எல்லாத்தையும் சொன்னேன். மனுசன் திட்டுவாருன்னு பார்த்தா தண்ணி குடுக்குறாரு. “திட்டுங்கய்யா!”ன்னு கத்தினேன். “அதை நீங்களே செய்றீங்களே சாமுவேல், நான் வேற எதுக்கு?”ன்னாரு. அதுக்கும் எனக்குக் கோவம் வந்துச்சு. பிறகு சொன்னாரு, பிள்ளைகளோட சேர்ந்து சபையும் எந்திரிச்சு விசுவாசத்தைப் புதுப்பிக்குமாம். அதுக்கு முன்னால எனக்குப் பேச நேரம் தர்றாராம்.

பேசுவேன், எஸ்தரு. இது சத்தியம். என் பொண்டாட்டி கேட்ட அப்பத்தைக் குடுக்கவிடாமத் தடுத்தவன் நான்தான்னு பிஷப் முன்னாடி, கமிட்டி முன்னாடி சொல்லுவேன். கர்த்தர் மேல எனக்குக் கோவம் இன்னும் ஆறல. அந்தக் கோவத்தோடயே எந்திரிச்சு நின்னு விசுவாசிக்கிறேன்னும் சொல்லுவேன்.

அதைக் கேட்டுட்டு பியூலா முழங்கால் போடுவாளோ, திரும்பி நடந்து வந்துருவாளோ, தெரியாது. போடு தாயின்னு நான் சொல்ல மாட்டேன். உனக்கு எது ஆகும், எது ஆகாதுன்னு நானே முடிவு பண்ணினேன். உன் மகளுக்கு அதைப் பண்ண மாட்டேன்.

உன் வாயை அடைச்ச பாவி,
உன் வீட்டுக்காரன்
சாமுவேல்