மாப்பிள்ளை கொடுத்த மாட்யூல்கள்

மார்ச் 4, செவ்வாய்

ஸ்கேன் அறை லைன் இன்றும் அறுந்தது. ஏழு நிமிடம். மயக்க மருந்து கொடுத்த நோயாளி மேசையில். படம் வந்து சேரவில்லை. சர்ஜன் போனில் கத்தினார்: "நெட்வொர்க்னு ஒரு டிபார்ட்மென்ட் இருக்கா, இல்லையா?" இந்த ஆஸ்பத்திரியில் அந்த டிபார்ட்மென்ட் நான் ஒருத்திதான்.

மார்ச் 5

லைன்களை இணைக்கும் ஸ்விட்ச் பெட்டியைத் தயாரித்த கம்பெனியின் சர்வீஸ்காரர் வந்தார். கேபிள் பக்கமே போகவில்லை. ஒளியை சிக்னலாக மாற்றும் அந்த விரல் நீள மாட்யூலை உருவிப் பார்த்தார். "இது எங்களோடது இல்லையே. வேற மேக் போட்டா இப்படித்தான் படுத்தும். யார் சப்ளை?" தங்கை வீட்டுக்காரர் என்று சொல்ல வாய் வரவில்லை.

மார்ச் 6

மாட்யூலின் விவரங்களைத் திரையில் வரவழைத்தேன். தயாரிப்பாளர் என்ற இடத்தில் ஸ்விட்ச் கம்பெனியின் பெயர்! லேபிளில் வேறு பெயர். மாப்பிள்ளை சப்ளை செய்த பன்னிரண்டும் அப்படியே. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று — எதற்கு?

மார்ச் 8

தங்கைக்குப் போன் செய்தேன். பேச்சோடு பேச்சாக, "மாப்பிள்ளை சரக்கு எங்கேருந்து எடுக்கிறார்?" என்றேன். "ஏன் கேக்கற?" என்றாள். ஏன் அப்படிச் சட்டென்று கேட்டாள்? அவளுக்கும் தெரியுமோ?

மார்ச் 10

மாப்பிள்ளையே கூப்பிட்டார். "அக்கா, அந்தக் கம்பெனி பேரை எழுதினாத்தான் ஸ்விட்ச் உள்ள விடும். வேற பேரைப் பாத்தா கதவைச் சாத்திடும். இந்தத் தொழில்ல எல்லாரும் செய்றதுதான்." பதிலைத் தயாராக வைத்திருந்தது போல இருந்தது.

மார்ச் 11

பர்ச்சேஸ் ஆபீசருக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்: 'போலி என்று சந்தேகிக்கிறேன்.' உறவுக்காக மூடி மறைத்தாள் என்று யாரும் சொல்லக் கூடாது.

மார்ச் 13

பன்னிரண்டையும் கழற்றிவிட்டு கம்பெனி மாட்யூல் போட்டாயிற்று. சப்ளையர் பட்டியலிலிருந்து மாப்பிள்ளை பெயரை நீக்கிவிட்டார்கள். தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

மார்ச் 17

லைன் அறுந்தது. கம்பெனி மாட்யூலிலேயே.

மார்ச் 18

ஒளி அளக்கும் மீட்டரோடு ஸ்கேன் அறையில் உட்கார்ந்தேன். நர்ஸ் ஃபைல் பீரோவின் கீழ் இழுப்பறையை அழுத்தித் தள்ளினார் — மீட்டரில் எண் விழுந்தது. இழுத்தார் — ஏறியது. பீரோவை நகர்த்தினோம். சுவரோரம், ஒளி போகும் கேபிள் நசுங்கிக் கிடந்தது.

மாப்பிள்ளையின் கொட்டேஷனைத் தேடி எடுத்தேன். மூன்றாம் பக்கத்தில், 'உங்கள் ஸ்விட்ச் ஏற்கும்படி உள்விவரம் மாற்றி எழுதப்படும்' என்று தெளிவாக இருக்கிறது. கீழே, படித்து ஒப்புக்கொண்டதாக என் கையெழுத்து. ஐயோ, என்ன காரியம் பண்ணிட்டேன்! ஆஸ்பத்திரியில் இது எனக்கு மட்டும்தானே தெரியும்? சொல்லாம விட்டா—

மார்ச் 19

எழுதிக் கொடுத்தேன். மாட்யூல்களில் குறை இல்லை, தவறு என்னுடையது. ஆபீசர் இரண்டு முறை படித்தார். "இது உங்க ஃபைல்லயும் ஏறும், தெரியும்ல?" "தெரியும் சார்."

ஏப்ரல் 2

பட்டியலில் மாப்பிள்ளை பெயர் திரும்ப ஏறியிருக்கிறது. புது வார்டுக்கு எட்டு மாட்யூல் கொண்டுவந்தார். கேட்காமலேயே ஒவ்வொன்றையும் போட்டு, திரையில் வந்த பெயரையும் லேபிளையும் படித்துக் காட்டினார். தங்கை எப்படி இருக்கிறாள் என்றேன். "நல்லாருக்கா." டெலிவரி தாளை நீட்டினார்.

"இங்க கையெழுத்துப் போடுங்க மேடம்."

போட்டேன்.