அக்கிக்கு ஆகாத மிளகாய்

அம்முலு, ஐந்து நாளாக என் முழங்காலில் மிளகாயைத் தடவிக்கொள்கிறேன். அரைத்த மிளகாய் இல்லை, மூட்டு வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த களிம்பு. டப்பாவின் மேல் சிவப்பு மிளகாய்ப் படம் போட்டிருக்கிறது. நீ பார்த்த அதே படம்.

தடவினதும் ஒன்றும் தெரியாது. கொஞ்ச நேரம் கழித்து மெல்ல எரிய ஆரம்பிக்கும். மிளகாய்க் கிடங்கில் காம்பு கிள்ளிவிட்டு வந்தால் நம் விரல் இடுக்கெல்லாம் எரியுமே, அப்படி.

உன் அண்ணனைக் கட்டிக்கொண்டு நான் திருத்தணிக்கு வந்த வருஷமே என்னை அந்த வேலைக்குக் கூட்டிப்போனவள் நீதான். ஆந்திராவிலிருந்து வந்து இறங்குகிற மூட்டையைப் பிரித்து, வற்றல் மிளகாயில் காம்பு கிள்ளிப் போடவேண்டும். முதல் நாள் எரிச்சல் பொறுக்காமல் குழாயடியில் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். "தண்ணிக்கு அடங்காது அண்ணி, எண்ணெய்க்குத்தான் அடங்கும். உங்க ஊர்ல மிளகாயே இல்லியா, இல்ல நீ சமைச்சதே இல்லியா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்கவைத்தாய்.

ஒரு நாள் சாப்பாட்டு வேளையில் காரம் எங்கே இருக்கிறது என்று நமக்குள் சண்டை வந்தது. விதையில்தான் என்று நான் அடித்துச் சொன்னேன். நீ ஒரு பச்சை மிளகாயைக் கீறி, விதையை மட்டும் கழுவித் துடைத்து, வாயில் போட்டு மென்று காட்டினாய். பிறகு நடுவில் விதை ஒட்டியிருக்கிற வெள்ளைச் சதையைக் கிள்ளி என் நாக்கில் வைத்தாய். எனக்கு மூக்கிலும் கண்ணிலும் ஒழுகியது. "விதை மேல இன்னா தப்பு? அது சும்மா பக்கத்துல குந்திகினு கீது" என்றாய்.

மூன்றாம் நாளும் முழங்கால் எரியவே, மருந்துக் கடைக்குப் போய் அங்கே மருந்து எடுத்துக் கொடுக்கிற பெண்ணிடம் கேட்டேன். நீ சொன்னது சரியாம். அந்த வெள்ளைச் சதையில்தான் காரம் ஊறுகிறதாம். அதற்குக் காப்சைசின் என்று பேர். இரண்டு தரம் சொல்லச் சொல்லி மனப்பாடம் செய்துகொண்டேன்.

"அதுல நெருப்பே இல்ல ஆன்ட்டி. ஆனா நரம்பு நெருப்புன்னு நெனச்சி கத்துது. தெனம் தடவினா கத்திக் கத்தி ஓஞ்சிடும். அப்புறம் வலியையும் அவ்ளோவா சொல்லாது" என்றாள்.

"அப்போ கிளி மட்டும் எப்படி மிளகாயைக் கொத்தித் தின்னுது?"

"பறவைக்கு அது உறைக்காது ஆன்ட்டி. நீங்க இன்னா, பரீட்சைக்குப் படிக்கிறீங்களா?" என்று சிரித்தாள்.

நான் சிரிக்கவில்லை. கேட்க வந்த கேள்வி வேறு. "அக்கி ஆறினப்புறம் நிக்கிற வலிக்கும் இதைத் தடவலாமா?"

"ஆங், அதுக்கும் குடுப்பாங்க. தோல் நல்லா ஆறியிருக்கணும். வாரக்கணக்குல வுடாம தடவணும். மொதல்ல எரியத்தான் செய்யும். சில பேரு அது தாங்காம வுட்டுடுவாங்க. எல்லாருக்கும் கேக்கும்னும் சொல்ல முடியாது."

உன் இடது விலாவில் அக்கி வந்தபோது பள்ளிப்பட்டிலிருந்து குயவரை வரவழைத்து, கொப்புளத்தின் மேல் காவி மண்ணைக் குழைத்து அக்கி எழுத வைத்தவள் நான். வீட்டில் தாளிப்பதைக்கூட நிறுத்தினேன். அக்கி கண்ட உடம்புக்கு மிளகாய் நெடியே ஆகாது என்றுதானே நமக்குத் தெரியும். கொப்புளம் காய்ந்து உதிர்ந்தது. வலி மட்டும் போகவில்லை. ரவிக்கைத் துணி உரசினாலே துடித்துப்போவாய். ஆஸ்பத்திரியில் இந்தக் களிம்பைக் கொடுத்தார்கள். இரண்டாம் நாள் எரிகிறது என்று நீ முனகியபோதுதான் டப்பாவைத் திருப்பிப் படத்தைப் பார்த்தேன்.

"அக்கி வந்த எடத்துல மிளகாயத் தடவறியே, புத்தி கெட்டுப்போச்சா? மறுபடியும் கிளம்பப்போவுது" என்று கத்தினேன். தேங்காய் எண்ணெயைத் தொட்டு நானே துடைத்துவிட்டேன். டப்பாவையும் குப்பையில் போட்டேன். உப்புப் போட்டாயா என்று கேட்டால்கூட மல்லுக்கு நிற்கிறவள் நீ. அன்றைக்கு "சரி அண்ணி" என்றாய். வேறு ஒரு வார்த்தை இல்லை.

அதற்குப் பிறகு எட்டு மாதம், விலாவில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு சுவரில் சாய்ந்தபடியே தூங்கினாய். மாசி மாதம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். ஆட்டோ வருவதற்குள் போய்விட்டாய். அது வேறே வியாதி என்று டாக்டர் சொன்னார். அதை நம்புகிறேன். அந்த எட்டு மாதம்தான் என்னை விடமாட்டேன் என்கிறது.

நேற்று எதிர்வீட்டுக்காரிக்கு இடுப்பில் அக்கி கண்டிருக்கிறது. குயவர் எங்கே இருக்கிறார் என்று என்னிடம் கேட்டு வந்தாள். முதலில் ஆஸ்பத்திரிக்கு நட என்று கையோடு கூட்டிப்போனேன். டாக்டர் கொடுத்த ஒவ்வொரு மருந்துக்கும் இது எதில் செய்தது, எதற்கு, எத்தனை நாள் என்று கேட்டு வாங்கினேன். இனிமேல் எனக்கு இதுதான் வழக்கம்.

இன்றைக்கு எரிச்சல் கொஞ்சம் குறைந்திருக்கிறது. பொறுக்க முடிகிற எரிச்சல்தான். உன்னுடையது எப்படி இருந்ததோ எனக்குத் தெரியாது. எரிச்சல் தாங்காமல்தான் சரி என்றாயா அம்முலு, இல்லை, அண்ணி சொன்னாளே என்பதற்காகவா?