திறக்காத தொண்டை

1986 பெப்ரவரி 17, திங்கள்

பெரிய வெள்ளிக்கு மாதாவின் ஒப்பாரியை இந்த வருடம் நான்தான் தனியாகப் பாட வேண்டுமாம். நேற்றுப் பூசை முடிய, சுவாமியார் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். ஓம் என்று தலையாட்டிவிட்டு வந்து குசினியில் அடுப்புக்கு முன்னால் குந்திவிட்டேன். மகனின் உடலை மடியில் கிடத்தும் இடத்தில் குரல் உச்சிக்குப் போகவேண்டும். அங்கே என் குரல் உடையும். எனக்குத் தெரியும்.

பெப்ரவரி 20

விடியப்புறம் கடற்கரைக்குப் போய் முழங்கால் தண்ணீரில் நின்று குரலைத் திறக்கிறேன். முதலில் வாயை மூடிக்கொண்டு முணுமுணுப்பு. பிறகு அடித்தொண்டையில் ஒரு நீண்ட ஆ. பிறகு மெல்ல மெல்ல மேலே. அவசரப்பட்டால் தொண்டை போய்விடும்.

எங்கள் வள்ளம் கரைக்கு வரும் நேரமும் அதுதான். மார்கழி நத்தார்ப் பண்டிகையில் இருந்து கரையில் யாரும் விளக்கு வைப்பதில்லை. வெளிச்சம் கண்டால் நேவிக்காரரின் ரோந்துப் படகு வந்து சுடும் என்று பயம். கும்மிருட்டு. இவர், எமிலியானுஸ், வலையை இறக்கிக்கொண்டே, "நீ கத்துற கத்தலில மீனெல்லாம் அனலைதீவுப் பக்கம் ஓடுது" என்கிறார். அவருக்குப் பகிடி. எனக்கு அந்த உச்சியே நினைப்பு.

மார்ச் 7

பாடிக்கொண்டு நிற்கையில் ரோந்துப் படகின் இயந்திரச் சத்தம். கிட்ட, மிகக் கிட்ட. ஓடிவந்துவிட்டேன். செருப்பும் அங்கேயே.

மார்ச் 8

வெளிச்சத்துக்கு வருகிறவன் சத்தத்துக்கு வரமாட்டானா? இனிக் கடற்கரை வேண்டாம். தண்ணீர்க் குடத்துக்குள் முகத்தை வைத்துப் பாடினேன். வெளியே கேட்காது. என் குரல் எனக்கே திரும்பிவந்து காதை அடைக்கிறது. பக்கத்து வீட்டு றோஸ் குசினி வாசலில் நின்று சிரித்தாள். "என்னக்கா, பாவத்தையெல்லாம் குடத்திட்டச் சொல்லிப் பாவசங்கீர்த்தனமோ?"

மார்ச் 11

வள்ளம் கல்லில் அடித்துவிட்டது.

கரைக்கு முன்னால் கடலுக்குள் நீளத்துக்குக் கற்பாறை. அதில் ஒரு வள்ளம் நுழையத்தான் இடைவெளி உண்டு, வாய் என்பார்கள். அதைத் தவறவிட்டுவிட்டார்கள். இவருக்கு நெற்றியில் வெட்டு, சட்டையெல்லாம் இரத்தம். கூடத் தொழிலுக்குப் போகும் பஸ்ரியாம்பிள்ளை அண்ணைதான் தாங்கிக்கொண்டுவந்து கதிரையில் இருத்தினார்.

"பிள்ளை, ஏன் இப்ப பாடுறேல்லை?"

"பயமாக் கிடக்கு அண்ணை."

"நீ நிக்கிற இடம் அந்த வாய்க்கு நேர. உன்ர சத்தத்தைப் பிடிச்சுத்தான் நாங்கள் உள்ளுக்கு வாறனாங்கள். இவன் உனக்குச் சொல்லேல்லையோ?"

சொல்லவில்லை. அண்ணை போனபிறகு இவரிடம் கேட்டேன். நெற்றியைத் துணியால் அழுத்திக்கொண்டு, "சொல்லியிருந்தா, பயந்து பயந்தெண்டாலும் போய் நிண்டிருப்பாய். அதுதான் சொல்லேல்லை" என்றார்.

கோபம் வந்தது. அழுகையும் வந்தது. இரண்டையும் வைத்துக்கொண்டு காயத்தைக் கழுவினேன்.

மார்ச் 20

வள்ளத்துக்குப் பலகை போட்டாயிற்று. இன்று இரவு போகிறார்கள். விடிய நான் நிற்கிறேன் என்றேன். அவர் வலையைத் தூக்கித் தோளில் போட்டார். நான் நிற்பேனா?

மார்ச் 21

ஈரச் சீலை இன்னும் மாற்றவில்லை.

கரைக்குப் போய்விட்டேன். வாய் திறக்கமுதல் இயந்திரச் சத்தம். தாழம்பற்றைக்குள் குந்திவிட்டேன். முணுமுணுக்கக்கூட இல்லை. போகட்டும், போனபிறகு பாடுவோம் என்று இருந்தேன். அப்போதுதான் சவளால் தண்ணீரைத் துழாவும் சத்தம். எங்கள் வள்ளம். கல்லுப் பக்கமாகப் போகிறது. ஐயோ மாதாவே!

தொண்டையைத் திறக்க நேரம் எங்கே? தண்ணீருக்குள் ஓடி, எடுத்த எடுப்பில் அந்த உச்சிக்கே போனேன். மகனே என்று. உள்ளே ஏதோ கிழிந்தது. ஆனால் குரல் வந்தது. அதோடு ரோந்துப் படகின் வெளிச்சமும் வந்து என் முகத்தில் விழுந்தது. நிப்பாட்டினால் வள்ளம் கல்லில். நிப்பாட்டாவிட்டால் நான்... சீலையோடு மூத்திரம் போய்விட்டது. எழுத வெட்கம்தான், ஆனால் போனது உண்மை. பாடினேன். சொற்கள் முடிய, முதலில் இருந்து தொடங்கினேன்.

வெளிச்சம் என்மேலேயே நின்றது. வள்ளத்தை நேவிக்காரர் காணவில்லை. தண்ணீருக்குள் நின்று ஒப்பாரி வைக்கும் ஒரு பொம்பிளையைப் பார்த்து என்ன நினைத்தார்களோ, பிறகு திரும்பிப் போய்விட்டார்கள். அவர்கள் போனதுகூட அப்போது எனக்குத் தெரியவில்லை. இவர் வந்து கையைப் பிடித்தபோதும் பாடிக்கொண்டுதான் நின்றேனாம்.

"காணும், நிப்பாட்டு," என்றார். "காணும் மேரி, வந்திட்டம்."

மார்ச் 23

குரல் இல்லை. கொத்தமல்லி, கற்கண்டு, மிளகு - ஒன்றுக்கும் அசையவில்லை. சுவாமியாருக்குச் சொல்லி அனுப்பினேன்.

மார்ச் 28, பெரிய வெள்ளி

ஒப்பாரியை றோஸ் பாடினாள். நான் பெண்கள் பக்கத்தில் பாயில் இருந்தேன். உச்சி வந்தபோது நானும் சத்தமில்லாமல் வாயை அசைத்தேன். றோஸ் உடையாமல், அழகாக ஏறி இறங்கினாள். சனம் விம்மியது. எனக்குப் பொறாமையாக இருந்தது. இல்லை என்று எழுதினால் பொய்.

வீட்டுக்கு வரும் வழியில் இவர் எனக்குப் பக்கத்தில் நடந்தார். நெற்றிக் காயத்தைச் சொறிந்தார். பிறகு சொன்னார்.

"றோஸ் நல்லாத்தான் பாடினவள். ஆனா அவளின்ர சத்தத்துக்கு நான் வள்ளம் விடமாட்டன்."

பதில் சொல்ல வாய் திறந்தேன். காற்றுத்தான் வந்தது.