உள்ளே ஆள் இருக்கும்போது

மாப்ள,

புது விசில் கேட்டுத்தான் இன்று காலை ஸ்டோருக்குப் போனேன். "புதுசு மாஃபி பாய், இதுதான் இருக்கு" என்று ஸ்டோர்காரன் உன் விசிலை எடுத்து நீட்டினான். வாயில் வைத்ததும் கிராம்பு வாடை. ஐந்து மாதமாகப் பெட்டிக்குள் கிடந்தும் போகவில்லை. கிராம்பு மெல்லுகிற அந்தப் பழக்கம் உனக்கு எந்த ஊரில் ஒட்டியது என்று எனக்குத் தெரியும். அங்கே நாம் இரண்டு பேரும் செத்திருக்க வேண்டியது.

இந்த வளைகுடாவில், ருவைஸில், நான் எண்ணெய்த் தொட்டிக்குள் இறங்கி வேலை பார்த்த வெல்டர். நீ ஹோல் வாட்ச். கழுத்தில் விசிலோடு தொட்டி வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, யார் உள்ளே போனான், யார் வெளியே வந்தான் என்று நோட்டில் எழுதுவாய். "உக்காந்துக்கிட்டே டூட்டி பாக்குற மகராசன்" என்று உன்னைச் சீண்டாத நாள் இல்லை. உன்னிடம் ஒரே பதில்தான்: "உள்ள ஆளு இருக்கும்போது நகர மாட்டேன்டா. ஒண்ணுக்குக் கூட."

மொம்பாசாவுக்குத் தெற்கே ஒரு துறைமுகத் தொட்டியில் மூன்று வார வேலை என்று நம் இருவரையும் அனுப்பினார்களே, நினைவிருக்கிறதா? அங்கே கேம்ப் கிடையாது, அதனால் கடற்கரை ஹோட்டல். கட்டிலில் துண்டை அன்னப்பறவையாக மடித்து, சுற்றிலும் பூ தூவி வைத்திருந்தார்கள். வாசலிலேயே நின்றுவிட்டாய். "டேய், யாருக்கோ முதலிரவு ரூம நமக்குக் குடுத்துட்டானுங்கடா. வா, கேட்டு மாத்திக்குவோம்." ரிசப்ஷன் பெண் விஷயம் புரிந்து சிரித்து முடிக்கப் பத்து நிமிடம் ஆயிற்று. பங்க் கட்டிலில் படுத்துப் பழகிய நமக்கு அந்த மெத்தையில் தூக்கமே வரவில்லை. இரண்டாம் நாளே தரையில் போர்வை விரித்துவிட்டோம்.

முதல் ஞாயிறு லீவு. காலையில் ஜன்னலைத் திறந்து, "கடலக் காணோம்டா!" என்று கத்தினாய். நிஜமாகவே காணோம். தண்ணீர் வற்றி வெகுதூரம் மணலாகக் கிடந்தது. ஹோட்டல் கேட்டில் ஒரு நோட்டு இருந்தது. அதில் வேலை மெனக்கெட்டு "வெளியே இரண்டு பேர்" என்று எழுதிவிட்டுத்தான் மணலில் கால் வைத்தாய். கரையோரம் ஒரு பள்ளத்தில் மட்டும் கணுக்கால் தண்ணீர். அதைக் கடந்து நடுவிலிருந்த மணல்திட்டு வரை போனோம். அங்கே ஒரு கம்பு, உச்சியில் பச்சைத் துணி. வீட்டுக்குக் காட்டலாம் என்று நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

கரையிலிருந்து விசில் சத்தம் வந்தது. ஹோட்டல் காவல்காரர் கையை வீசி வீசி ஊதினார். நான் கிளம்பப் போனேன். நீ என் மணிக்கட்டைப் பிடித்தாய்.

"நில்லுடா. விசில் கேட்டா ஓடக் கூடாது. பச்சைக்குக் கீழ வந்து நில்லு."

நானும் வந்து நின்றேனே, அறிவு கெட்டவன்! பிளான்ட்டில் பத்து வருடம் ஊறிய பழக்கம் அது. ஆபத்து என்றால் பச்சைப் பலகைக்கு அடியில் கூட வேண்டும். தலை எண்ணும்வரை அசையக் கூடாது. அவர் ஊத ஊத நாம் இன்னும் விறைப்பாக நின்றோம். நம்மைத் தவிர மணலில் இருந்த மற்ற எல்லோரும் கரையை நோக்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். எத்தனை நிமிடம் போனதோ. திரும்பிப் பார்த்தால் பள்ளம் நிறைந்து, நமக்கும் கரைக்கும் நடுவே கடல் ஓடிக்கொண்டிருந்தது.

உன் முகம் செத்துப்போனது. "தப்புப் பண்ணிட்டேன்டா" என்றாய்.

நீ கிணற்றில் குதித்து வளர்ந்தவன். எனக்கு நீச்சல் சுத்தமாக வராது. "நீ நீந்திப் போயி ஆளக் கூட்டியாடா" என்றேன். நீ கரையைப் பார்த்தாய். தூரத்தை அளக்கிறாய் என்று புரிந்தது. இப்போது சொல்கிறேன், அந்த ஒரு நொடி நான் உன்னை வெறுத்தேன். போ என்று சொன்ன வாய்தான், நீ போய்விடுவாயோ என்று உள்ளுக்குள் உன்னைத் திட்டிக்கொண்டிருந்தது. தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது.

நீ தோள் துண்டை எடுத்து உன் கையையும் என் கையையும் சேர்த்துக் கட்டினாய்.

"நீ உள்ள இருக்கியேடா. நான் எப்படிப் போறது?"

பள்ளத்தில் இறங்கினோம். இடுப்பு, மார்பு, கழுத்து. என் கால் தரையை விட்டபோது உன்னைப் பிடித்து அமுக்கினேன். நீ முங்கி, குடித்து, மேலே வந்து, மறுபடி முங்கினாய். துண்டை மட்டும் அவிழ்க்கவில்லை. அப்போதுதான் இரண்டு பக்கமும் கட்டை கட்டிய ஒரு படகு வந்தது. "யல்லா! யல்லா!" என்று கத்தினான் படகுக்காரன். 'சீக்கிரம், சீக்கிரம்' என்று நம் சூப்பர்வைசர் விரட்டும்போது கேட்டால் எரிகிற சொல், அன்று தேனாக இருந்தது.

கரையில் காவல்காரர் நம்மைத் திட்டித் தீர்த்தார். பிறகு, நடுக்கம் நிற்கட்டும் என்று ஆளுக்கு நான்கு கிராம்பை வாயில் போட்டுவிட்டார். நீயோ ஈரக் கையோடு நேரே கேட்டுக்குப் போய் அந்த நோட்டில் எழுதினாய்: "இரண்டு பேரும் வந்தாச்சு." எழுதிய பிறகுதான் அழுதாய். ருவைஸுக்குத் திரும்பும்போது அங்கே சந்தையில் அரைக் கிலோ கிராம்பு வாங்கினாய். அதிலிருந்து டூட்டியில் எந்நேரமும் வாயில் அதுதான்.

ஐந்து மாதம் முன்பு ஒரு விடியற்காலை. நான் ஷூ மாட்டிக்கொண்டிருந்தேன், நீ எழுந்திருக்கவில்லை. "நெஞ்ச என்னமோ பண்ணுதுடா. கேஸாத்தான் இருக்கும். நீ பஸ்ஸ விட்டுடாத" என்றாய். பஸ் ஹாரன் அடித்தது. "சுடுதண்ணி குடிச்சிட்டுப் படு" என்று சொல்லிவிட்டு நான் ஓடினேன். மற்றவர்களும் டூட்டிக்குப் போய்விட்டார்கள். மத்தியானம் தொட்டிக்குள்ளிருந்து என்னைக் கூப்பிட்டு வெளியே எடுத்தபோது எல்லாம் கலாஸ், முடிந்துவிட்டது என்றார்கள். ரூமில் நீ தனியாக இருந்திருக்கிறாய். கதவு பூட்டாமல்தான் இருந்ததாம்.

வெல்டிங் வேண்டாம், ஹோல் வாட்ச் கொடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டேன். பயலுக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்கிறார்கள். இன்று முதல் நாள். உன் ஸ்டூல், உன் விசில். பத்து மணிக்கு, "பாய், சாய் பீ லோ" என்று சூப்பர்வைசர் டீ குடிக்கக் கூப்பிட்டார். உள்ளே நான்கு பேர் இருந்தார்கள். நான் அசையவில்லை.

உன் ஒருவனைத்தான் மாப்ள, உள்ளே விட்டுவிட்டு நகர்ந்தேன். இன்று நான்கு பேரும் வெளியே வந்து, நோட்டில் நான்கு பெயரையும் எழுதிய பிறகுதான் எழுந்தேன்.